ஐந்தாம் அத்தியாயம்: பொழுதறிந்து சுவைத்தல்

ஈப்போவுக்கு உண்பதற்கென்றே பிரயாணம் செய்து வருகிறவர்களில் பெரும்பாலோர், கையில் ஒரு கடைப் பட்டியலை வைத்துக்கொண்டு, பக்கத்தில் உள்ளதை முதலிலும் தூரத்தில் உள்ளதைப் பிறகுமாக முடித்துவிட எண்ணி, விடிந்ததும் போயிருக்க வேண்டிய காப்பிக் கடைக்கு மத்தியானத்திலும், அந்தி சாய்ந்தபின் போக வேண்டிய கோழிச் சாப்பாட்டுக் கடைக்கு அகாலத்திலும் போய் நின்று, 'இதற்குத்தானா இத்தனை கீர்த்தி?' என்ற மனக்குறையோடு திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் தவறவிட்டது பொழுதை. இந்த ஊரில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு வேளை உண்டு. அந்த வேளையை நிர்ணயித்தவர்கள் சமையற்காரர்கள் அல்லர், கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களிலும் அதைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களிலும் உடல் நோக உழைத்த ஜனங்கள். ஆகையால் இந்த அத்தியாயத்தை நான் தெருவாரியாக வகுக்காமல் பொழுதுவாரியாக வகுத்திருக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில். இருள் பிரியுமுன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடித்துவிடும். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதனால், விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடிச் சீவியாக வேண்டும். கையில் ஒரு கோப்பி, வயிற்றில் நேற்றைய சோறு. மற்ற பசியெல்லாம் மரத்தில் கட்டிய மங்குக் கோப்பைகளின் பாலைச் சேகரித்துக் கொட்டியபின்தான். பசியாறுதல் என்று காலை உணவுக்கு நம் மலேசியத் தமிழர் இட்டு வழங்கும் பெயரின் முழு அர்த்தம், உழைத்துவிட்டு உண்டவர்களுக்குத்தான் விளங்கும். கோலகங்சாரில் 1877-ஆம் வருஷம் ஊன்றப்பட்ட சில ரப்பர்க் கன்றுகளிலிருந்து பெருகிய இந்தப் பயிர், பேராக் மாநிலத்துத் தமிழனின் உறக்கத்தையும் விழிப்பையும் போலவே அவனுடைய நாக்கையும் ஒரு நியமத்துக்குள் கொண்டுவந்துவிட்டது.

புறப்படுமுன் சில ஏற்பாடுகள் அவசியம். தனியாகச் சுவைக்கப் போவது வீண். நால்வர் சேர்ந்து போனால் ஒரு தட்டை நான்காகப் பகிர்ந்து நான்கு கடைகளைப் பார்க்கலாம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து எங்களைப் பார்க்க வந்த மாமா ஒருவர், தட்டில் மிச்சம் வைப்பது அன்னத்தை அவமதிப்பது என்ற உயர்ந்த கொள்கை உடையவராதலால், முதற்கடையிலேயே முழுத் தட்டையும் முடித்துவிட்டு, அன்று மாலைவரை வேறெதையும் தொட இயலாமல் வருந்தினார். மறுநாள் அவர் சொன்ன வழிதான் இன்றும் எங்கள் வீட்டில் வழக்கம்: "மாப்பிள்ளை, மிச்சம் வைக்கக் கூடாதுன்னா கொஞ்சமா வாங்கணும்; அதுதான் மரியாதை." குடிக்க வெந்நீர் எடுத்துச் செல்லுங்கள், குளிர்ந்த பானம் நாக்கை மரக்கச் செய்யும். சர்க்கரை குறைவாக வேண்டுமானால் 'கூராங் மானிஸ்' என்றும், பாலும் சர்க்கரையும் இல்லாமல் வேண்டுமானால் 'கோப்பி ஓ கோசோங்' என்றும், கட்டிக்கொடுக்க வேண்டுமானால் 'புங்குஸ்' என்றும் சொன்னால் எந்த இனத்துக் கடைக்காரருக்கும் விளங்கும். சைவ உணவினர் சீனக் கடைகளில் மரக்கறி என்று பெயரளவில் கேட்டால் போதாது; பன்றிக் கொழுப்பும் உலர்ந்த இறாலும் கண்ணுக்குத் தெரியாமல் சேரக்கூடுமாதலால், பௌத்தச் சைவக் கடை எது என்று விசாரித்துப் போவதே உத்தமம்.

விடியற்பொழுது வெள்ளைக் கோப்பிக்கு உரியது. கிந்தா நதிக்கு மேற்கே உள்ள பழைய நகரத்தில், ஜாலான் பண்டார் தீமா என்று இன்று வழங்கும் தெருவில், 1937-இல் தொடங்கப்பட்ட சின் யூன் லூங் கடையும், எதிர்ப்புறத்து நாம் ஹியோங் கடையும் இதற்குப் பிரசித்தி பெற்றவை. வெள்ளை என்ற அடைமொழி பாலைக் குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். வழக்கமான கறுப்புக் கோப்பியின் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருகக் கருக வறுப்பார்கள். இதிலோ சர்க்கரையை விலக்கி மார்ஜரினோடு மட்டும் மிதமாக வறுப்பதால் கசப்பு அடங்கி நிறமும் வெளுத்திருக்கும். பெயருக்குக் காரணம் அதுவே. அடுப்படியைக் காணும்படியான மேஜையில் அமருங்கள். நீண்ட துணிப்பையில் தூளைப் போட்டு, கொதிநீரை உயரத்திலிருந்து ஊற்றி, பையைத் தூக்கி வடியவிட்டு, அதே டிகாக்ஷனை மறுபடியும் பைக்குள் சாய்த்து, அடியில் கெட்டிப்பால் கனத்து நிற்கும் பீங்கான் கோப்பையில் கோப்பி கலக்குபவர் நிரப்பும்போது, விளிம்பைச் சுற்றிப் பழுப்பு நுரை ஒரு வளையம் கட்டும். கலக்குமுன் ஒரு மிடறு அருந்துங்கள். வறுத்த கொட்டையின் குணம் அதில்தான் தெரியும். பிறகு பாதி கலக்கி ஒரு மிடறு. முழுதும் கலக்கி எஞ்சியது. ஒரே கோப்பையில் மூன்று சுவை. கூடவே காயா என்ற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும் கேட்கலாம். ஆனால் ஒன்றைப் பகிர்ந்து உண்ணுங்கள், நாள் இன்னும் நீளமாக இருக்கிறது.

காலை பத்து மணிக்கு மேல் நாக்கை அலம்பிக்கொள்ளத் தம்புன் பம்ப்ளிமாஸைப் போல் உபகாரமான பழம் வேறில்லை. பருமனுக்கு மிஞ்சிய கனம் உள்ளதாகவும், பறித்துச் சில நாள் வைத்திருந்ததன் அடையாளமாகத் தோல் சற்றே சுருங்கியதாகவும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம் இராது. பளபளப்பைக் கண்டு மயங்குகிறவர்கள் புளிப்பையே பெறுவார்கள்.

உச்சிப் பொழுது நாசி கண்டாருக்கு. கண்டார் என்பது தோளில் தண்டு வைத்து இருபுறமும் கூடை தொங்கவிட்டுச் சுமப்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல். நம் காவடியின் உடன்பிறப்பு என்று சொல்லத் தகுந்தது. பினாங்குத் துறைமுகத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் அவ்விதம் சோறும் குழம்பும் சுமந்து விற்றதிலிருந்து எழுந்த இந்த உணவு, ஈப்போவில் தனக்கென ஒரு ருசியைத் தேடிக்கொண்டது. ஜாலான் யாங் கல்சோமில் ஒரு சீனக் காப்பிக் கடைக்குள் நடக்கும் சோற்றுக்கடைக்கு 'நாசி கஞ்சா' என்று ஊரார் பெயர் வைத்துவிட்டார்கள்; ஒருமுறை உண்டவன் மறுபடி தேடி வருவான் என்பதைத் தவிர அந்தப் பெயரில் வேறு விபரீதம் இல்லை. சிவக்கப் பொரித்த கோழி, உப்பு முட்டை, தேங்காய்ச் சட்டினி, அதன்மேல் பலவகைக் குழம்பைக் கலந்து ஊற்றுவது சம்பிரதாயம். குழம்புகள் ஒன்றோடொன்று சேரும் அந்த ஓரத்திலிருந்து உண்ணத் தொடங்குங்கள். தமிழனின் குழம்பு, சீனனின் கடை, மலாய்ப் பெயர் ஆகிய மூன்றும் ஒரே தட்டில் அமர்ந்திருப்பதை நான் எத்தனை முறை கண்டாலும் மனம் நெகிழாமல் இருந்ததில்லை.

பிற்பகலில் வெயில் சாயத் தொடங்கும் வேளையில் புந்தோங்குக்குப் போக வேண்டும். தமிழர் அடர்ந்து வாழும் இந்தப் பகுதி, கச்சாங் பூத்தே என்ற கடலைப் பண்டங்களால் தேசமெங்கும் பெயர் பெற்றது. பாரதி பிறந்த எட்டயபுரத்துச் சீமையிலிருந்து புறப்பட்டு வந்த குடும்பங்கள் இத்தொழிலைத் தலைமுறைகளாகக் காத்து வருகின்றன. கரிசல் காட்டில் கடலையும் பயறும் விளைவித்த கைகள், கடல் கடந்தபின் அவற்றை வறுத்தும் பொரித்தும் விற்றுப் பிழைத்தன. தலையில் தட்டும், பிறகு சைக்கிளும், பிறகு மோட்டார் வண்டியுமாக அவர்கள் திரையரங்கு வாசல்களிலும் பள்ளிக்கூட வாசல்களிலும் நின்று விற்ற காலம் போய், இப்போது வீட்டோடு சேர்ந்த கடைகளில் டஜன் கணக்கான வகைகள் அடுக்கியிருக்கின்றன.

கடையின் முன்புறத்தோடு திரும்பிவிடாதீர்கள். அனுமதி கேட்டு அடுப்படியை எட்டிப் பாருங்கள். சென்ற முறை நான் போயிருந்தபோது நடுவயது அம்மையார் ஒருவர் உரலில் மாவை நிரப்பி, ஓலைத் தட்டத்தின்மேல் மணிக்கட்டு சுழல முறுக்கைப் பிழிந்து, அதை அப்படியே எண்ணெய்க்குள் சரித்துக்கொண்டிருந்தார். முதலில் சடசடவென்று பெரிய குமிழிகள்; பிறகு குமிழி சிறுத்துச் சிறுத்து ஓசை மெல்லியதாகி, கடைசியில் எண்ணெய் ஏறக்குறைய மௌனமாகும் தருணத்தில், நிறத்தைப் பார்க்காமலே கரண்டியை இறக்கிவிட்டார். "காதுல கேட்டே எடுத்துடலாம் தம்பி, சத்தம் அடங்குனா தண்ணி போயிருச்சுன்னு அர்த்தம்" என்று சொல்லி, ஒன்றை உடைத்து என் கையில் வைத்து, "சூடா இருக்கு, பாத்து" என்றார். சூட்டில் ஓமத்தின் வாசனையும் ஆறியபின் உளுந்தின் வாசனையும் மேலெழுவதால், இரண்டு நிலையிலும் சுவைத்துப் பார்த்தே வாங்குவது நல்லது. காரமில்லாத கடலையில் தொடங்கிக் காரப் பயறில் முடியுங்கள். மிளகாய் முந்திக்கொண்டால் பின்வருவதெல்லாம் ஒரே சுவையாகிவிடும்.

இனிக் கள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை எழுதும்போது என் பேனா சற்றுத் தயங்குகிறது. ரப்பர் மரத்தையும் சீவுகிறோம், தென்னம்பாளையையும் சீவுகிறோம்; ஒரே வினைச்சொல், ஒரே விடியல், இரண்டிலும் காயம்பட்ட இடத்திலிருந்து ஒழுகுவது வெண்மையான திரவம். பால் உறைந்துவிடுமுன் ஆலைக்குப் போக வேண்டும். கள் புளித்துவிடுமுன் கடைக்கு வர வேண்டும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது இனிப்பு மாறாத பதநீராக இறங்கும். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் சொட்டு விழுந்த கணத்திலிருந்தே வேலையைத் தொடங்கி, சில மணி நேரத்தில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு மதுச்சத்தை உண்டாக்கும். ஒருநாள் கடந்தால் காடியாகும் வழியில் இறங்கிவிடும். ஆகவே அன்று இறக்கியதை அன்றே அருந்துவது ஒன்றுதான் கள்ளின் இலக்கணம். தென்னைக்குப் பேர்போன பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் பக்கம் போகிறவர்கள், உரிமம் பெற்ற கடையா என்று விசாரித்து, கால் கிளாஸ் மட்டும் வாங்கி, முதலில் முகர்ந்து பாருங்கள். அரிசி கழுவிய நீர் போன்ற நிறமும், மெல்லிய நுரையும், பழுத்த பழத்தை ஒத்த வாசனையும் இருந்தால் புதியது. மூக்கைக் குத்தும் காடி வாசனை இருந்தால் காலம் கடந்தது. வாசனையே இல்லாமல் தித்திப்பு மட்டும் மிஞ்சியிருந்தால் எதையோ கலந்திருக்கிறார்கள், தொடாமல் எழுந்துவிடுங்கள்.

ஆயினும் இந்தக் கால் கிளாஸின் பின்னே ஒரு துயர சரித்திரம் நிற்கிறது. அதை அறியாமல் பேராக்கில் கள்ளைச் சுவைப்பது அரைகுறைச் சுவையே. தோட்ட நிர்வாகங்களே கள்ளுக்கடையைத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு அருகில் வைத்து, கொடுத்த கூலியின் ஒரு பகுதியை அந்த வாசலிலேயே திரும்பப் பெற்றுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். எங்கள் தோட்டத்தில் சம்பள நாளன்று, ஆபீசிலிருந்து கள்ளுக்கடைக்குப் போகும் செம்மண் பாதையின் ஓரத்தில் பெண்கள் கைக்குழந்தையோடு வரிசையாக நிற்பார்கள். சண்டைக்காக அல்ல, புருஷன் கண்ணில் குழந்தையின் முகம் பட்டால் போதும் என்று. என் பாட்டியும் அவ்வரிசையில் நின்றவள். வயோதிகத்தில், பண்டிகை நாளில் யாரேனும் ஒரு குவளை புதுக்கள் கொண்டுவந்தால், அவளே முகர்ந்து பார்த்து, "இது நல்ல கள்ளு, காலையில எறக்குனது" என்று சொல்லிவிட்டு, குடிக்காமல் ஆப்ப மாவில் ஊற்றிவிடுவாள். அந்த ஆப்பத்தின் ஓரம் ஜரிகையைப் போல் பொரிந்திருக்கும். கள்ளின் மிக நேர்த்தியான சுவையை நான் அருந்தி அறிந்ததில்லை, ஆப்பத்தில்தான் அறிந்தேன். பயணியும் அவ்வழியை நாடலாம். கள்விட்டுப் புளிக்கவைத்த ஆப்பம் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சம்சு என்ற பெயரில் மலிவாக விற்கும் சாராயத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தீண்டாதீர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவால் பலர் மாண்டார்கள். அவர்களும் கொஞ்சம் சுவைக்கத்தான் தொடங்கியிருப்பார்கள்.

முறையாகச் செய்த மது ஒன்றைச் சுவைத்தறிய விரும்புகிறவர்கள் ஈப்போவிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தென்மேற்கே சித்தியவானுக்கு இன்னொரு நாளை ஒதுக்க வேண்டும். 1903-இல் மெதடிஸ்ட் மிஷனரிகளின் ஏற்பாட்டில் சீனத்து ஃபூச்சோ மக்கள் அங்கே குடியேறினார்கள். நிலம் திருத்தி, பின்னர் அவர்களும் ரப்பர் பயிரிட்டார்கள். அவர்கள் வீட்டில் வடிக்கும் செவ்வரிசி மதுவின் பிறப்பு எளியது: ஒட்டரிசிச் சோற்றை ஆறவைத்து, செம்பூஞ்சை ஏறிய அரிசியையும் ஈஸ்ட் உருண்டையையும் கலந்து, ஜாடியில் அடைத்து வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள், மாணிக்கச் சிவப்பாக மது மேலே தெளிந்து, சிவந்த மண்டி கீழே தங்கும். மண்டியையும் வீணாக்காமல் இறைச்சிக் குழம்புக்குச் சேர்ப்பார்கள். இந்த மதுவை இஞ்சியோடும் கோழியோடும் கொதிக்கவைத்து, மயிரிழை போன்ற மீ சுவா நூடுல்ஸின்மேல் ஊற்றித் தருவது அவ்வூரின் கீர்த்திமிக்க உணவு. பிரசவித்த பெண்ணுக்கு உடம்பு தேற இதைக் கொடுப்பது அவர்கள் வழக்கம். நம் வீடுகளில் பிரசவ லேகியம் கிளறுவதன் பரிவே அங்கே வேறு பாத்திரத்தில் கொதிக்கிறது. மதுவைத் தனியே சுவைப்பதானால் ஒரு சிறு கிண்ணம் போதும். கள்ளைக் காட்டிலும் கடுமையானது, இனிப்பு அந்தக் கடுமையை மறைத்துவிடும். முதல் மிடறை நாக்கின்மேல் சற்று நிறுத்தினால் இனிப்பும், விழுங்கியபின் இலேசான கசப்பும், மூச்சை வெளியே விடும்போது சோறு வெந்த மணமும் வரும். களிமண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடும் கொங் பியான் என்ற ரொட்டியை இடையிடையே கடித்துக்கொண்டால் நாக்கு தெளியும்.

மதுவைப் பற்றிய மரியாதைகள் இரண்டை மறக்கலாகாது. முஸ்லிம் நண்பர் உடன் வந்திருந்தால் அவர் அமர்ந்த மேஜையில் மதுக் கிண்ணத்தை வைக்காதீர்கள். அவருக்கு நீட்டுவது உபசாரமாகாது, அவமதிப்பாகும். இருபத்தொரு வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்பது சட்ட விரோதம்; அருந்தியவர் வண்டி ஓட்டலாகாது. நால்வரில் ஒருவர் அன்றைக்கு மதுவைத் தொடாமல் விரதம் ஏற்க வேண்டும், அவருக்கு ரொட்டியில் ஒன்று கூடுதல்.

அந்திக்கு மறுபடி ஈப்போ. நதிக்குக் கிழக்கே புதிய நகரத்தில், ஜாலான் யாவ் தெட் ஷின் தெருவில், லோவ் வோங், ஓன் கீ ஆகிய கடைகளின் மேஜைகள் நடைபாதைவரை வந்துவிடும் வேளை அது. இங்கே உண்ண வேண்டியது முளைப்பயறும் கோழியும். தவுகே என்று நாம் வழங்கும் இந்த முளைப்பயறு மற்ற ஊர்களில் மெலிந்து நீண்டிருக்கும். ஈப்போவினுடையதோ குட்டையாகப் பருத்திருக்கும். சுண்ணாம்புக் குன்றுகளின் ஊற்றுநீர் காரணம் என்று ஊரார் சொல்வது வழக்கம். கொதிநீரில் கணநேரம் முக்கியெடுத்து, சோயாச் சாறும் எள்ளெண்ணெயும் வெண்மிளகுத் தூளும் தூவிக் கொண்டுவருவார்கள். வெள்ளைக் கோழியையும் வழுவழுப்பான ஹோர் ஃபன் என்ற அரிசி நூடுல்ஸையும் பார்த்து நம்மவர்கள் 'உப்புச் சப்பில்லை' என்று மிளகாயைக் கேட்பதுண்டு. அருள்கூர்ந்து முதல் மூன்று வாய்க்கு மிளகாயைத் தள்ளி வையுங்கள். பற்களுக்கிடையே முளைப்பயறு நறுக்கென்று உடைந்து நீர் விடுவதும், கோழித் தோலுக்கடியில் கூழ்போல் உறைந்திருக்கும் சாறும், பகலெல்லாம் மசாலாவில் திளைத்த நாக்குக்கு மழை பெய்து ஓய்ந்த முற்றத்தைப் போல் இருக்கும்.

வருஷத்தில் ஒருநாள் மட்டும் மேலே சொன்ன பொழுதுகள் அனைத்தும் மாறிவிடுகின்றன. தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் ஆலயத்திலிருந்து குனோங் சீரோவின் கல்லுமலைச் சுப்பிரமணியர் சந்நிதிவரை காவடிகள் செல்லும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் எழும்பும். ஈப்போவின் மகத்தான சுவைத் திருவிழா அதுவே என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். டிக்கட் இல்லை, விலை இல்லை. பானகமும் நீர்மோரும் எலுமிச்சைச் சாதமும் தயிர்ச்சாதமும் பந்தலுக்குப் பந்தல் வேறு கைப்பக்குவத்தில் வழங்கப்படும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஜனங்கள் நாலாபுறமும் சிதறியபிறகும், பழைய தோட்டத்துக் குடும்பங்கள் இத்தகைய நாளில் ஒன்றுகூடிப் பந்தல் போடுவதைக் காணலாம். அங்கே பானகத்தை வாங்கிச் சுவைத்து, இதில் சுக்கு அதிகம், அதில் ஏலம் அதிகம் என்று நிதானமாக ஒப்பிட்டுக்கொண்டே நடங்கள். ஆனால் காவடி எடுத்து வெறுங்காலோடு வருகிறவருக்கு வழிவிட்டு, அவர் குடித்தபின் கையை நீட்டுங்கள். குவளையைத் தெருவில் போடாமல் பந்தல் ஓரத்துப் பையில் சேர்த்துவிடுங்கள். மறுநாள் அந்தத் தெருவைப் பெருக்குகிறவரும் நம் தோட்டத்து மனிதராக இருக்கக்கூடும்.

ஊர் திரும்பும்போது கையோடு கொண்டுபோகப் புந்தோங் முறுக்கைவிடச் சௌகரியமானது இல்லை. 1917-இல் கட்டி முடித்த வெண்மாடங்களுடைய ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் வாங்கிவிடலாம். ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை தேவை: அப்போதுதான் எடுத்த சூட்டு முறுக்கைப் பையில் போட்டு ரப்பர் வளையத்தால் வாயைக் கட்டினால் ஆவி உள்ளேயே நின்று நமுத்துவிடும். பையைத் திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டு தெற்கே போகும் மின்ரயிலில் ஏறுங்கள். பத்து காஜாவைக் கடந்து கம்பாரை நெருங்குவதற்குள் சூடு முழுதும் ஆறியிருக்கும், அப்போது கட்டலாம்.